கண்ணாயிரம் போட்ட இன்னொரு கோட்டு

கண்ணாயிரம் எதையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். கதவு, டம்ளர், தண்ணீர்த் தொட்டி, பஸ்ஸின் பக்கத் தகடு, என் ஹெல்மெட் என்று எல்லாவற்றையும் தட்டியிருக்கிறார். தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் வரும்.

“மெல்லிசு.”

அவரைப் பார்த்தாலே முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது. நானே ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள். கரும்பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நடந்துகொண்டேதான் பாடம் நடத்துவேன். இந்த மனிதரோ நின்ற இடத்திலேயே காலை ஆட்டுவார், தோளைச் சொறிவார், சுவரைத் தட்டுவார். நாங்கள் இருவரும் ஒரு அறையில் இருந்தால் பிள்ளைகளுக்குத் தலை சுற்றிவிடும்.

என் பெயர் ஆஷ்லின். ஊர் மரக்காணம். சென்னையில் விமானப் பொறியியல் படித்தேன். விமானத்தைத் தவிர மற்ற எல்லா வேலைக்கும் இன்டர்வியூ கொடுத்து, ஒன்றும் அமையாமல் 2005 ஜூன் மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு வந்த தொண்டு நிறுவனங்களில் ஒன்று, மீனவப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே மாலை வகுப்பு எடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. “பிள்ளைங்கள எதிலாவது ஈடுபடுத்தி வெச்சா போதும்மா” என்றார்கள். அந்தப் ‘போதும்’ எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சேர்ந்துவிட்டேன்.

பத்தாம் வகுப்பில் பதினான்கு பேர் இருந்தார்கள். முதல் நாள், படித்து என்ன ஆகப் போகிறீர்கள் என்று கேட்டேன். மூன்று பேர் போலீஸ் என்றார்கள். ஒருத்தி நர்ஸ் என்றாள். மற்றவர்கள் பெஞ்சைப் பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஒல்லியாக ஒரு பெண் எழுந்து, “நான் நூல் மில்லுக்குப் போறேன் டீச்சர். அப்பா சொல்லிட்டாரு” என்றாள். ஏதோ கடைக்குப் போய் வருகிறேன் என்பதுபோல் இருந்தது அவள் சொன்ன விதம். அவள்தான் செந்தமிழ். எக்கியார்குப்பத்துக் கண்ணாயிரத்தின் மகள்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் சும்மா இருக்காது. “போறதுக்கு முன்னாடி ஒரு ஏரோப்ளேன் கட்டிட்டுப் போ” என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“எவ்ளோ பெருசு டீச்சர்?” என்று கேட்டாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இறக்கை பத்தடி என்று முடிவானது. ஆள் ஏறுகிற விமானமில்லை. தரையில் நின்று ரேடியோ பெட்டியால் ஓட்டுவது. என்னோடு படித்த அருள்மொழி அந்த ரேடியோவையும், பழைய மரம் அறுக்கும் மெஷினின் எஞ்சின் ஒன்றையும் தருவதாகச் சொன்னான். மற்றதையெல்லாம் நாங்களே கட்ட வேண்டும். தெர்மாகோலைச் சூடான கம்பியால் அறுத்து, பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் உப்புக்காகிதத்தால் தேய்த்து, ஒரு மாதத்தில் அழகாக ஒரு இறக்கை செய்துவிட்டோம். அதற்கு மேலே போர்த்த ஃபைபர் துணியும், அதை ஒட்டி இறுக வைக்கும் ரெசினும் வேண்டும். அப்போது எங்கள் கரையில் மூலைக்கு மூலை ஃபைபர் படகு கட்டும் பட்டறை முளைத்திருந்தது. செந்தமிழின் அப்பா வேலை செய்த பட்டறையிலிருந்து ஒரு டப்பா ரெசின் வாங்கிவந்து பூசினோம்.

மறுநாள் வந்து பார்த்தால் இறக்கை இல்லை. ஓட்டை ஓட்டையாக, வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி கரைந்து கிடந்தது. நான்கு வருஷம் விமானம் படித்த எனக்குப் படகு ரெசின் தெர்மாகோலைத் தின்றுவிடும் என்று தெரியவில்லை. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று மாலைதான் கண்ணாயிரம் வகுப்புக்குள் முதல்முறையாக வந்தார். நாற்பது வயதிருக்கும். கைகளில் காய்ந்த ரெசின் பிசுபிசுப்பு. மிச்சமிருந்த துண்டை எடுத்துத் தட்டினார்.

“இன்னா டீச்சர் இது, அப்பளமா?”

“இறக்கைங்க.”

“ரெசின் இத்த துன்னுடும். மொதல்ல காக்கிப் பேப்பர ஒட்டு. காயட்டும். அப்பால துணி, அப்பால ரெசின். இதுகூடத் தெரியாமலா காலேஜ் போன?” என்று கேட்டுவிட்டு, அடுத்த நொடியே மகளைப் பார்த்து, “தப்பாப் பேசிட்டனா?” என்றார்.

அவர் கதையைச் செந்தமிழின் அம்மா பாஞ்சாலை சொல்லித்தான் கேட்டேன். பன்னிரண்டு வயதிலிருந்து கட்டுமரம். அலையைப் பார்த்தால் சிரிக்கிற ஆளாம். அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். குடும்பத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திரும்பி வந்து பார்த்தபோது, அப்பா காலத்திலிருந்து அவர் நின்று ஓட்டிய கட்டுமரம் ஒரு சுவரில் மோதித் தனித்தனிக் கட்டையாகக் கிடந்ததாம். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. பட்டறையில் சேர்ந்தார். படகுக்கு ரெசின் மூன்று கோட்டு பூசினால் போதும் என்று முதலாளி சொன்னால் நான்காவதும் போட்டார். ‘இன்னொரு கோட்டு’ என்றே அவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

மில் விஷயத்தை நானே அவரிடம் நேராகக் கேட்டேன். சுற்றி வளைக்கத் தெரிந்திருந்தால் எனக்கு எப்போதோ வேலை கிடைத்திருக்கும்.

“பொண்ணு கணக்குல தொண்ணூறு வாங்குதுங்கண்ணா. பாலிடெக்னிக் போலாம். மெக்கானிக்கல் எடுக்கலாம். மில்லுல கொண்டுபோய் ஏன் அடைக்கிறீங்க?”

“கோயம்புத்தூர் பக்கம் டீச்சர். கடலே கெடையாது. ஹாஸ்டல் உள்ளயே. காம்பவுண்டு செவுரு இருவதடி ஒசரமாம். பாஞ்சாலையோட தம்பி போய்ப் பாத்துட்டு வந்தான்.”

“ஜெயிலுக்குக்கூட இருபதடிதான்.”

அவர் கோபப்படவில்லை. என் மேஜையைத் தட்டினார். “கெட்டியா இருக்கும்ல?” என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மனிதருக்குப் பணமும் குறியில்லை, படிப்பும் பகையில்லை. அந்தப் பெண்ணைச் சுற்றிக் கனமாக ஏதாவது இருக்க வேண்டும். அவ்வளவுதான். அதை எப்படி எதிர்த்துப் பேசுவது என்று தெரியாமல் இன்னும் எரிச்சலானேன்.

“ஏரோப்ளேன் பறந்தா படிக்க அனுப்புவீங்களா?” என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ தெரியாது.

வெகு நேரம் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். “பறக்கட்டும். பாக்கலாம்” என்றார்.

செந்தமிழ் இதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். மறுநாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது, எனக்கும்தான். அவள் வால் பகுதியைத் தானே எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பாகத்தையும் மீன் நிறுக்கும் தராசில் போட்டு, கிராம் கணக்கில் நோட்டில் எழுதினாள். “கனம் கூடுனா பறக்காது, அதுவும் வால்ல கூடவே கூடாது” என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பெயிண்ட் அடித்த பிறகும் நிறுத்தாள். வால் நானூற்றுப் பத்து கிராம். நோட்டில் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அந்த வருஷ மழை ஊரையே ஊறவைத்தது. ஐப்பசியும் கார்த்திகையும் ரெசின் காயவே இல்லை. தொட்டால் விரலோடு வந்தது. பள்ளிக்கூடம் ஒழுகியதால் விமானத்தைக் கண்ணாயிரத்தின் பட்டறைக்கு மாற்றினோம். மார்ச் கடைசியில் பரீட்சை. ஏப்ரலில் மில் வேன் வரும். நான் காலண்டரைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாகத் திரிந்தேன்.

ஒருவழியாகப் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு எல்லாம் முடிந்தது. இறக்கைக்கு அடியில் இருபக்கமும் ஆள்காட்டி விரலைக் கொடுத்துத் தூக்கினோம். விமானம் மூக்கும் சாயாமல் வாலும் சாயாமல் விரலில் நின்றது. பிள்ளைகள் கத்திய கத்தலில் பட்டறை நாய் ஓடிவிட்டது.

காணும் பொங்கலன்று பறக்கவிடுவதாக ஏற்பாடு. உப்பளத்து நடுவில் லாரி போகும் மண்சாலை நேராக இருக்கும். பாத்திகளில் மழைத் தண்ணீரை வடித்துச் சேறு மிதித்துக்கொண்டிருந்த நேரம். கடற்கரைக்குக் கட்டுச்சோற்றோடு போன கூட்டமெல்லாம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. ஐஸ் வண்டிக்காரர்கூட வந்துவிட்டார். அருள்மொழி எஞ்சினைக் கிளப்பிவிட்டு, “பேலன்ஸ் பாத்துட்டியா?” என்று கேட்டான்.

“பொங்கலுக்கு முன்னாடியே பாத்தாச்சு. விடுடா, ஜனங்க காத்திருக்காங்க.”

அதைச் சொன்னது நான். யாரும் சொல்லச் சொல்லவில்லை.

விமானம் ஓடியது. நாங்கள் நினைத்ததற்கு முன்பே எழும்பியது. கூட்டம் விசிலடித்தது. மூக்கு இன்னும் தூக்கியது. இன்னும். அருள்மொழி ரேடியோவின் குச்சியை முன்னால் தள்ளிக்கொண்டே, “இறங்கமாட்டேங்குதுடி” என்று அலறினான். தென்னை உயரத்தில் அது செங்குத்தாக நின்றது. ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு, பின்பக்கமாகச் சரிந்து, புரண்டு, மூக்கால் சேற்றில் குத்தியது. ஒரு குழந்தை கை தட்டியது. அதன் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

செந்தமிழ் அழவில்லை. பாத்திக்குள் இறங்கி, முழங்கால் சேற்றில் துண்டுகளைப் பொறுக்கினாள். கண்ணாயிரம் வரப்பிலேயே நின்றார். காலை ஆட்டவில்லை. அவர் அசையாமல் நின்று அன்றுதான் பார்த்தேன். பிறகு பாஞ்சாலையிடம், “பரிச்ச எழுதட்டும். ஏப்ரல்ல அனுப்பிடலாம்” என்று சொன்னது எனக்குக் கேட்டது.

மூக்கு நொறுங்கியிருந்தது. இறக்கை இரண்டு துண்டு. வாலில் மட்டும் ஒரு கீறல் இல்லை. வகுப்பில் வைத்துச் செந்தமிழ் அதைத் தராசில் போட்டாள். அறுநூற்று நாற்பது.

“இருநூத்தி முப்பது கூட இருக்குது டீச்சர்.”

எனக்குத் தலைக்கேறியது. யாரோ கடைசியில் வாலில் கை வைத்திருக்கிறார்கள். பெயிண்ட் அடித்தவள் ஜெயா. “அழகு பாத்து அழகு பாத்துப் பெயிண்ட அப்பினியா? இது ஏரோப்ளேனா, உன் வீட்டு மாட்டுக் கொம்பா?” என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். பையை எடுத்துக்கொண்டு போனவள் அடுத்த நாள் வரவில்லை. பெயிண்ட் இருநூறு கிராம் வராது என்று வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. புத்தி எனக்கு எப்போதும் வாய்க்குப் பின்னால்தான் வரும்.

அதற்கும் அடுத்த நாள் மாலை கண்ணாயிரம் வந்தார். கூடவே ஜெயாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“டீச்சர், இந்தப் பொண்ண ஏசாத. அது நான் போட்டது.”

வாலைக் கையில் எடுத்தார்.

“போகி அன்னிக்குப் பட்டறை லீவு. சும்மா ஒக்கார முடியல. தட்டிப் பாத்தேன். எம்பொண்ணு கட்டுன எடம், ஈக்குக் குச்சி மாதிரி இருந்துது. போட்டுல பின்பக்கம்தானே அடி வாங்கும்? எஞ்சினே அங்கதான் தொங்கும். அதான் ஃபைபர் மேட்டுத் துணி ஒண்ணு வெச்சு, மேல ஒரு கோட்டு ரெசின் இழுத்தேன். தெரியக்கூடாதுன்னு அதே செவப்பையும் அடிச்சேன்.” வாலை மேஜையில் வைத்தார். “ஒடையக் கூடாதுன்னுதான் போட்டேன். அதனாலயா வுழுந்துச்சு?”

செந்தமிழ் எழுந்து வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். பட்டறையிலிருந்து ஒரு துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“புடிப்பா. ஒத்த வெரல்ல நிறுத்து.”

அவர் துடுப்பைக் குறுக்கே பிடித்து, கனமான அலகுப் பக்கம் நகர்த்தி, சமமாக வருகிற இடத்தில் விரலில் நிறுத்தினார். அந்த வேலையில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. அவள் நீளமான பிடியின் நுனியில் ஒரு சாவிக்கொத்தை மாட்டினாள். பிடி சடாரென்று இறங்கி அலகு மேலே போனது.

“இது எவ்ளோ கனம்? ஒண்ணுமில்ல. ஆனா நுனியில இருக்குது. இப்ப அலகுப் பக்கம் எவ்ளோ வெச்சா சமமாவும், சொல்லு.”

அவர் மேஜையிலிருந்த பூட்டை எடுத்து வைத்துப் பார்த்தார். போதவில்லை. இன்னொரு பூட்டையும் வைத்தார். துடுப்பு மெல்லச் சமமானது. அவர் அந்தத் துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடல்ல மூக்கு தூக்குனா நல்லது. இதுக்கும் அப்டின்னு நெனச்சேன்” என்றார்.

“கடல் தாங்கும்பா. காத்து தாங்காது.”

நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடப் புத்தகத்திலும் இல்லை. நான் செய்ய வேண்டியதும் ஒன்று இருந்தது. “பறக்கறதுக்கு முன்னாடி மறுபடி பேலன்ஸ் பாத்திருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்கும். நான்தான் பாக்கல. ஜெயா, தப்பு என்னுது” என்றேன். ஜெயா தலையாட்டினாள். முழுதாக மன்னித்ததாகத் தெரியவில்லை. நியாயம்தான்.

வாலிலிருந்த கோட்டைத் தேய்த்து எடுத்தால் உள்ளே இருக்கும் தெர்மாகோலும் சேர்ந்து வந்துவிடும். மூக்கோடும் இறக்கையோடும் அதையும் புதிதாகச் செய்ய நாளில்லை. நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, செந்தமிழ் நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வால், பேலன்ஸ் புள்ளியிலிருந்து நூற்றிருபது சென்டிமீட்டர். மூக்கு நாற்பது. “மூணு மடங்கு டீச்சர். மூக்குல அறுநூத்தித் தொண்ணூறு கிராம் வெச்சா சரியாப் போச்சு.”

“எதை வெக்கிறது?”

பதினான்கு பேரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். உப்பளத்தில் வாழ்ந்துகொண்டு இப்படி ஒரு கேள்வி கேட்டதற்கு நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

போன வருஷத்து அம்பாரத்திலிருந்து கண்ணாயிரம் உப்பு கொண்டுவந்தார். அதிலும் ஒரு சிக்கல். காலை ஈரத்தை உப்பு குடித்து, மத்தியானம் நிறுத்தால் ஒரு கனம், விடிந்து நிறுத்தால் ஒரு கனம் காட்டியது. சட்டியில் வறுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாயை மெழுகுவர்த்தியில் ஒட்டினாள் செந்தமிழ். மூக்கையும் இறக்கையையும் மறுபடி கட்ட நான்கு வாரமானது. பரீட்சைப் புத்தகத்தை ஒரு கையிலும் உப்புக்காகிதத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வேலை செய்தார்கள். கண்ணாயிரம் தினமும் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ரெசின் டப்பாவைத் தொடவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. விடியற்காலைக் கரைக்காற்று அடங்கும் நேரத்தை அவர்தான் சொன்னார். சர்ச்சில் பூசைக்கு வராமல் போகிறேன் என்று என் அம்மா திட்டிய திட்டு காதில் இருக்கவே நான் உப்பளத்துக்கு ஓடினேன். இந்த முறை கூட்டம் இல்லை, ஐஸ் வண்டி இல்லை. செந்தமிழ் மூன்று முறை விரலில் தூக்கிப் பேலன்ஸ் பார்த்தாள். நான் நான்காவது முறையும் பார்த்தேன்.

விமானம் இப்போது கனம். நூறடியில் எழும்பவில்லை. இருநூறடியிலும் எழும்பவில்லை. சாலை முடிகிற இடத்தில் வாய்க்கால். கண்ணாயிரம் வரப்பில் கூடவே ஓடிக்கொண்டிருந்தார். “ஏறு! ஏறு!” என்று அலைக்குள் கட்டுமரத்தைத் தள்ளுகிறபோது கத்துகிற கத்தல். வாய்க்காலுக்குப் பத்தடி முன்பு சக்கரம் மண்ணை விட்டது.

நான்கு நிமிஷம் பறந்தது. பாத்திகளுக்கு மேலே இரண்டு வட்டம் அடித்தது. சேறு மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து பார்த்தார்கள். இறங்கும்போது ஒரு சக்கரம் கழன்று, சறுக்கிக்கொண்டு போய்ப் பாத்தித் தண்ணீரில் நின்றது. பிள்ளைகள் எல்லோரும் தண்ணீருக்குள் குதித்தார்கள். நான் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை.

கண்ணாயிரம் மெதுவாக இறங்கிப் போய் விமானத்தின் இறக்கையைத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

“மெல்லிசுதான்” என்றார். மகளைப் பார்த்தார். “பறக்குது.”

ஏப்ரலில் மில் வேன் வந்தது. நான் அங்கே இல்லை. பாஞ்சாலைதான் சொன்னாள். கூட்டிப்போக வந்த ஆள் சாப்பாடு, ஹாஸ்டல், இருபதடிச் சுவர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனானாம். கண்ணாயிரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, அங்க எம்பொண்ணு இன்னா கட்டுவா?” என்று கேட்டாராம். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. வேன் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

ஜூன் மாதம் செந்தமிழுக்குத் திண்டிவனம் பக்கம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கிடைத்தது. ஜெயா உட்பட இன்னும் ஐந்து பேர் வேறு வேறு ஊர்களில் டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் சேர்ந்தார்கள். செந்தமிழை ஹாஸ்டலில் விட நான் கூடப் போவதாக இருந்தேன். எக்கியார்குப்பம் பஸ் நிறுத்தத்துக்குக் கண்ணாயிரம் மகளின் டிரங்குப் பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்டி பளபளவென்று சிவப்பாக இருந்தது. இறக்கி வைத்தபோது தரை ‘தொம்’ என்றது.

செந்தமிழ் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். தகரச் சத்தம் வரவில்லை.

“எத்தன கோட்டுப்பா?”

“மூணுதான்” என்றார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. பிறகு, “மூலைக்கு மட்டும் நாலு” என்றார்.

பஸ் வந்துவிட்டது. கண்டக்டர், உள்ளே என்ன, கல்லையா வைத்திருக்கிறீர்கள் என்று சண்டைக்கு வந்தார். கண்ணாயிரம் பஸ்ஸின் தகட்டைத் தட்டினார். வாயைத் திறந்தார். எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டார். அந்த மெல்லிசுத் தகட்டுக்குள் மகளை ஏற்றி அனுப்ப அவர் என்ன பாடுபட்டார் என்பதை அந்த வாயில் பார்த்தேன்.

பெட்டியின் ஒரு பிடியை நான் பிடித்தேன், இன்னொன்றை அவள் பிடித்தாள். தூக்கினோம். அவள் பக்கம் சடாரென்று இறங்கியது. கண்ணாயிரம் புத்தகங்களையெல்லாம் அந்தப் பக்கம் அடுக்கியிருக்கிறார்.

செந்தமிழுக்குக் கண் நிறைந்திருந்தது. சிரிப்பும் வந்துவிட்டது.

“டீச்சர், கைல உப்பு இருக்குதா?” என்றாள்.